ஆரஞ்சு நிறக் காலனி புதிய இனம்தானா?

கேள்வி: தெலுக் பகாங் கரையோரச் சேற்றிலிருந்து ஆரஞ்சு நிறப் பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்தேன். அதன் 16எஸ் மரபணு (பாக்டீரியாக்களை இனங்காண ஒப்பிடும் மரபணு), அறியப்பட்ட இனங்களில் மிக நெருங்கியதுடன் 98.1 விழுக்காடுதான் ஒத்துப்போகிறது. புதிய இனம் என்று எழுதலாமா?
முதுகலை மாணவி, பினாங்கு

பதில்: நல்ல அறிகுறி. ஆனாலும் இப்போது எழுத வேண்டாம். 98.7 விழுக்காட்டுக்குக் கீழே போனால் புதிய இனமாக இருக்கலாம் என்பது நடைமுறை அளவுகோல். அந்த மரபணுவின் நீளம் ஏறத்தாழ 1,500 டி.என்.ஏ. எழுத்துகள். நீங்கள் 700 எழுத்துகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டிருந்தால், முழு நீளத்தில் இந்த எண் மாறக்கூடும். ஒப்பீடும் அந்த இனத்துக்கு அடையாளமாக வைக்கப்பட்ட மூலத் திரிபுடன் (திரிபு என்பது தனியாகப் பிரித்தெடுத்த ஒரு தூய வளர்ப்பு) இருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால், வளர்ப்புத் தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஆரஞ்சுக் காலனியின் (தட்டில் வளர்ந்த பாக்டீரியாத் திட்டின்) விளிம்பில் வெண்மையான மெல்லிய படலம் தெரிந்தால், கூடவே இன்னொரு பாக்டீரியா வளர்கிறது என்று சந்தேகப்படுங்கள். எல்லாக் காலனிகளும் ஒரே மாதிரி வரும்வரை மரீன் அகாரில் (கடல் பாக்டீரியாக்களை வளர்க்கும் ஊடகம்) திரும்பத் திரும்பக் கோடிழுத்துப் பரப்புங்கள். கலப்பு வளர்ப்புக்கு மரபணுத்தொகுப்பு வாசிக்கச் செலவழிக்கும் பணம் வீண். தூய்மையானதும் கிளிசரால் கலந்து, பல குப்பிகளில் மைனஸ் 80 டிகிரியில் உறைய வையுங்கள். திரிபு செத்துவிட்டால் மற்றவர்கள் சோதித்துப் பார்க்க எதுவும் மிஞ்சாது.

இனத்தைத் தீர்மானிப்பது முழு மரபணுத்தொகுப்பு. நெருங்கிய மூலத் திரிபுகளுடன் சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை (டி.என்.ஏ. எழுத்துகள் ஒத்துப்போகும் அளவு) 95–96 விழுக்காட்டுக்குக் கீழும், அதே நெருக்கத்தை வேறு வழியில் அளக்கும் கணினிவழி டி.என்.ஏ. கலப்பு மதிப்பு 70 விழுக்காட்டுக்குக் கீழும் இருந்தால் துணிந்து மேலே செல்லலாம்.

பண்புச் சோதனைகளில் பலரும் சோம்பல்படுகிறார்கள். இது எனக்கு வருத்தம் தரும் விஷயம். மூலத் திரிபுகளை வரவழைத்து, உங்களுடையதோடு ஒரே ஊடகத்தில், ஒரே வெப்பநிலையில் வளர்த்து ஒப்பிடுங்கள். பழைய கட்டுரைகளின் அட்டவணையை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். உங்கள் காலனிமேல் 20 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு துளி விடுங்கள். ஆரஞ்சு சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறினால் ஃப்ளெக்சிருபின் வகை நிறமி உண்டு. உப்பு, அமிலத்தன்மை, கொழுப்பு அமிலங்கள் ஆகியவையும் தேவை. முடிந்தால் அதே சேற்றிலிருந்து இன்னும் ஒன்றிரண்டு திரிபுகளைத் தேடுங்கள். ஒரே திரிபை வைத்து எழுதும் விவரிப்பு மெலிந்தே இருக்கும்.

திரிபை இரு வெவ்வேறு நாடுகளில் உள்ள பொதுச் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். ஜப்பான், தென்கொரியா, ஜெர்மனி ஆகிய நாடுகளில் நல்ல சேமிப்பகங்கள் உண்டு. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: சேறு எடுத்த அனுமதித் தாள் எங்கே என்று கேட்பார்கள். மலேசியாவின் 2017ஆம் ஆண்டு உயிரியல் வளங்களை அணுகுதல், பயன்பகிர்வுச் சட்டம் 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அனுமதி கையில் இல்லையென்றால் மரபணு வேலையை நிறுத்திவிட்டு, மேற்பார்வையாளருடன் இன்றே அதைப் பேசுங்கள். சேமிப்பகச் சான்றிதழ்கள் வந்து சேரப் பல வாரங்கள் ஆகலாம். அவை இல்லாமல் புதிய இனத்தின் பெயர் முறைப்படி செல்லாது.