கேமுக்குள் யுபிஐ வைத்துவிட்டுக் கமிஷனை எதிர்த்து வழக்குப் போடலாமா?

கேள்வி: கோவையில் நண்பருடன் சேர்ந்து ஆண்ட்ராய்டு கேம் ஒன்றை நடத்துகிறேன். விளையாடுபவர்கள் காசு கொடுத்து வாங்கும் நாணயங்கள்தான் எங்கள் வருமானம். அதில் 15 சதவீதம் ஆப் ஸ்டோருக்குப் போய்விடுகிறது. மனைவியின் நகையை அடகு வைத்து நடத்தும் தொழில் இது. சர்வர் வாடகையும் விளம்பரச் செலவும் போக மிஞ்சுவது சொற்பம். அதனால் கேமுக்குள்ளேயே எங்கள் யுபிஐ கியூஆர் கோடை வைத்து, அதன்வழி வாங்கினால் கூடுதல் நாணயம் என்று அறிவித்தோம். ஆறு மாதம் கழித்து, விதிமீறலைச் சரிசெய்யாவிட்டால் கேமை நீக்குவதாக நோட்டீஸ் வந்திருக்கிறது. கமிஷன் விஷயத்தில் கூகுளுக்கே அபராதம் விதித்த நாட்டில் இது செல்லுமா? கோவை நீதிமன்றத்தில் தடையாணை வாங்கி, இதுவரை பிடித்த கமிஷனையும் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கமிஷன் நியாயமா என்ற கேள்வி உங்கள் வழக்கில் எழப்போவதே இல்லை. நோட்டீஸ் வந்த நாளில் ஒப்பந்தத்தை மீறி நின்றவர் யார் என்பதுதான் எழும். அதற்கான விடையை நீங்களே எழுதி அனுப்பிவிட்டீர்கள். அடகு வைத்த நகையும் சர்வர் வாடகையும் இதில் சாட்சியம் ஆகாது.

தடையாணை எண்ணத்தை விட்டுவிடுங்கள். திருமணத் தகவல் தளங்கள் உள்ளிட்ட பல இந்திய நிறுவனங்கள் கூகுள் பிளே ஸ்டோரின் இந்தக் கட்டண முறையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. சந்தையில் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் போட்டிச் சட்டத்தின் 61ஆம் பிரிவு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரத்தைத் தடுக்கிறது என்று கூறி, 2023 ஆகஸ்டில் தனி நீதிபதி அவர்களின் பிராதுகளை நிராகரித்தார். 2024 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றமும் இடைக்காலப் பாதுகாப்புத் தரவில்லை. 2024 மார்ச் 1 அன்று கூகுள் பல இந்தியச் செயலிகளை நீக்கியது. சில நாட்களில் அவை திரும்பியது ஒன்றிய அரசு தலையிட்டதால். நீதிமன்ற ஆணையால் அல்ல. கோவையிலிருந்து வரும் ஒரு கேமுக்காக அமைச்சர் கூட்டம் போடுவார் என்று எந்த வழக்கறிஞரும் உங்களுக்கு உறுதி தர முடியாது.

அபராதத்தைப் பற்றியும் உங்களுக்கு யாரோ பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் விதித்த 936.44 கோடி ரூபாயை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைத்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆணையம் முக்கியமாகக் குறைகண்டது, செயலிக்குள் பணம் வசூலிக்கக் கூகுள் தன் பில்லிங் முறையையே கட்டாயமாக்கியதில்தான். 15 அல்லது 30 சதவீதம் எடுப்பதே சட்டவிரோதம் என்று அது அறிவிக்கவில்லை. கட்டண விகிதம் குறித்து 2024 மார்ச்சில் தனி விசாரணைக்கு உத்தரவிட்ட ஆணையம், இடைக்கால நிவாரணம் கேட்டவர்களுக்கு அதை மறுத்துவிட்டது. பிடித்த கமிஷனைத் திரும்பக் கேட்பதற்குப் போட்டிச் சட்டத்தின் 53என் பிரிவில் வழி உண்டு; ஆனால் உங்களுக்குச் சாதகமான முடிவு ஒன்று வந்த பிறகுதான் அந்தக் கதவு திறக்கும்.

இனி நான் உண்மையில் அஞ்சும் இடத்துக்கு வருகிறேன். வாடகை அதிகம் என்று வழக்காடும் குடித்தனக்காரர் வாடகையை நிறுத்திவிட்டு வழக்காடினால் என்ன ஆகுமோ, அதுதான் கமிஷனைத் தாமே நிறுத்திவிட்டு வழக்காடும் டெவலப்பருக்கும் ஆகும். அமெரிக்க கேம் நிறுவனமான எபிக், 2020 ஆகஸ்ட் 13 அன்று தன் ஃபோர்ட்நைட் கேமில் நேரடிக் கட்டண வழியைத் திறந்தது. ஆப்பிளும் கூகுளும் அன்றே அதை நீக்கின. வெளியே பணம் செலுத்தும் வழியைப் பயனர்களுக்குக் காட்டுவதை ஆப்பிள் தடுக்கக் கூடாது என்று 2021 செப்டம்பரில் எபிக்குக்குச் சாதகமாகச் சொன்ன அதே கலிஃபோர்னியா நீதிபதி, ஒப்பந்தத்தை மீறி வசூலித்த தொகையில் 30 சதவீதத்தை, அதாவது 36 லட்சம் டாலருக்கு மேல், ஆப்பிளுக்குச் செலுத்தவும் உத்தரவிட்டார். அமெரிக்க ஐபோன்களுக்கு ஃபோர்ட்நைட் திரும்பியது 2025 மே மாதத்தில். அத்தனை ஆண்டு ஐபோன் வருமானமின்றித் தாங்க எபிக்கிடம் பணம் இருந்தது. கூகுளுக்கு எதிராக அங்கே 2023 டிசம்பரில் ஜூரி தந்த தீர்ப்பை வைத்துக் கிடைத்த நிவாரணமும் அமெரிக்காவுக்கு உரியது. அதைக் கோவையில் காட்டிப் பயனில்லை.

என்னிடம் வருபவர்கள் விழும் குழி இன்னும் ஆழமானது. கேம் நீக்கப்பட்டதும் பதற்றத்தில் மனைவி பெயரிலோ தம்பி பெயரிலோ புதிய டெவலப்பர் கணக்கைத் தொடங்கி, அதே கேமை வேறு பெயரில் ஏற்றுவார்கள். ஒரே கம்ப்யூட்டர், ஒரே வங்கிக் கணக்கு, ஒரே குறியீடு என்று தொடர்பு எளிதில் தெரிந்துவிடும். அப்போது புதிய கணக்கோடு, எந்தத் தவறும் செய்யாத பங்குதாரரின் சொந்தக் கணக்கும் சேர்ந்தே முடக்கப்படலாம். ஒரு கேமை இழந்த நிலையில் மேல்முறையீடு செய்ய முடியும். ஏமாற்றியதாகக் கணக்கு மூடப்பட்ட பிறகு எழுதும் முறையீட்டை யாரும் பொறுமையாகப் படிப்பதில்லை. இன்னொன்று, சோதனைப் பதிப்பில் தவறுதலாக வந்துவிட்டது என்று பதில் எழுதாதீர்கள். ஆறு மாத யுபிஐ வரவு உங்கள் வங்கிக் கணக்கில் இருக்கிறது. அந்த வரவை ஜிஎஸ்டி கணக்கில் காட்டினீர்களா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் இன்றே கேளுங்கள். காட்டாமல் விட்டிருந்தால் அது கமிஷனைவிடப் பெரிய தலைவலி.

ஆகவே சமரசமாகப் போங்கள். கியூஆர் கோடை எடுத்த பதிப்பை ஏற்றிவிட்டு, கெடு முடிவதற்குள், நடந்ததை ஒப்புக்கொண்டு சுருக்கமாகப் பதில் அனுப்புங்கள். அந்த ஆறு மாதத்துக்கான கமிஷனைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். உங்கள் சொந்தக் கட்டண வழி வேண்டுமானால், இந்தியப் பயனர்களுக்குக் கூகுளின் பிளே பில்லிங்குக்குப் பக்கத்திலேயே மாற்று பில்லிங்கை முறைப்படி வைக்க 2023 முதல் கேம்களுக்கும் அனுமதி இருக்கிறது. அதில் கட்டணம் 4 சதவீதப் புள்ளிகள்தான் குறையும். 15 என்பது 11 ஆகும். பத்து லட்சம் ரூபாய் விற்பனைக்கு மிச்சம் நாற்பதாயிரம். பேமெண்ட் கேட்வே கட்டணமும், ஒவ்வொரு விற்பனையையும் கூகுளுக்குத் தெரிவிக்கும் வேலையும் அதிலிருந்தே போக வேண்டும். உங்கள் அளவிலான கேமுக்கு இது பெரிய லாபம் என்று நான் நினைக்கவில்லை.

இதற்குப் பிறகும் கமிஷனை எதிர்க்க விரும்பினால், பாதிப்பு தோன்றிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் போட்டி ஆணையத்தில் ‘தகவல்’, அதாவது புகார், தாக்கல் செய்யலாம். தனியாகப் போகாமல் மற்ற டெவலப்பர்களோடு சேர்ந்து போங்கள். அந்த நாளில் உங்கள் கேம் விதிமீறல் எதுவும் இல்லாமல் ஸ்டோரில் இருக்க வேண்டும்.