யாடிஃப் போட்டும் கல்யாண வீடியோ துடிக்கிறதே, எஃப்எஃப்எம்பெக்கில் இதற்கு வழி உண்டா?

நீங்கள் சொன்னது இது: மினிடிவி கேசட்டில் இருந்த கல்யாண வீடியோவைக் கணினியில் ஏற்றி, இன்னொரு ஏவிஐ கோப்பாக மாற்றி, வீடியோவை மாற்றும் மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கில் அந்தக் கோப்புக்குக் கோடுகளை நீக்கும் யாடிஃப் ஃபில்டரை நொடிக்கு 50 ஃபிரேம் வரும்படி போட்டிருக்கிறீர்கள். சீப்புப் பல் மாதிரி தெரிந்த கோடுகள் போய்விட்டன. ஆனால் யார் நடந்தாலும் முன்னும் பின்னுமாகத் துடிக்கிறார்கள்.

சென்னையில் பழைய கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றிக் கொடுப்பதுதான் என் தொழில். இந்தப் புகார் அடிக்கடி வரும். பெரும்பாலும் கோளாறு ஃபில்டரின் தரத்தில் இருக்காது, ஃபீல்டு வரிசையில்தான் இருக்கும்.

நம்மூர் டிவி முறையான பிஏஎல் வீடியோவில் நொடிக்கு 25 ஃபிரேம். ஒவ்வொன்றிலும் ஒன்றுவிட்டு ஒன்றாக வரிகளைப் பிரித்துக்கொண்ட இரண்டு ஃபீல்டுகள், 1/50 நொடி இடைவெளியில் எடுத்தவை. மினிடிவியில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். பெரும்பாலான பிஏஎல் டிவிடிகளில் மேல் ஃபீல்டு முதலில். கோப்பை மாற்றும்போது எந்த ஃபீல்டு முதல் என்ற குறிப்பு தொலைந்துபோனால், யாடிஃப் மேல் ஃபீல்டுதான் முதல் என்று எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு நடந்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

சரிபார்ப்பது சுலபம். கெட்டிமேளம் வாசிக்கும் இடத்தில் தவில்காரர் கை தெரியும் துண்டை வெட்டி, ஃபீல்டுகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் செபரேட்ஃபீல்ட்ஸ் ஃபில்டர் போட்டு ஒவ்வொரு ஃபீல்டாக நகர்த்திப் பாருங்கள். கை ஒரே திசையில் போனால் வரிசை சரி. இறங்கி, கொஞ்சம் ஏறி, மறுபடி இறங்கினால் தப்பு. ஐடெட் ஃபில்டரும் எந்த ஃபீல்டு முதல் என்று எண்ணிச் சொல்லும், ஆனால் அசைவு நிறைய உள்ள பகுதியைக் கொடுக்க வேண்டும். மேடையில் பொண்ணு மாப்பிள்ளை அசையாமல் நிற்கும் காட்சியில் அதற்குப் பிடி கிடைக்காது. தப்பு என்று தெரிந்தால் செட்ஃபீல்டு ஃபில்டரில் கீழ் ஃபீல்டு முதல் என்று குறித்து, அப்புறம் டீஇன்டர்லேஸ் செய்யுங்கள், அதாவது ஃபீல்டுகளை முழு ஃபிரேம்களாக்குங்கள். யாடிஃபுக்குப் பதில் அதே வேலை செய்யும் பிடபிள்யூடிஃப் ஃபில்டர் போடுங்கள், ஓரங்கள் நன்றாக நிற்கும். அது இயல்பிலேயே 50 ஃபிரேம் தரும்.

இன்னொன்று: டீஇன்டர்லேஸ்தான் முதல் வேலை. அளவு மாற்றுவது, ஓரம் வெட்டுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். முதலிலேயே உயரத்தை மாற்றினால் இரண்டு ஃபீல்டும் கலந்துவிடும், அதை எந்த ஃபில்டராலும் பிரிக்க முடியாது. வெட்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. பிஏஎல் மினிடிவியில் நிறத் தகவல் பாதி வரிகளுக்குத்தான் இருக்கும். மேலே 2 வரி வெட்டினால் வெளிச்சத்தின் ஃபீல்டு வரிசை மாறாது, நிறத்தின் வரிசை மட்டும் புரண்டுவிடும். பட்டுப்புடவையின் சிவப்பு ஓரத்தில் பிசிறடிப்பது இதனால்தான். டீஇன்டர்லேஸுக்கு முன்பே வெட்டியே ஆக வேண்டும் என்றால் 4 வரி, 8 வரி என்று வெட்டுங்கள்.

எஃப்எஃப்எம்பெக்கில் என்ன மாற வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். அளவு மாற்றும் ஸ்கேல் ஃபில்டரில் இன்டர்ல் என்று ஒரு விருப்பம் இருக்கிறது. அதற்கு -1 கொடுத்தால் ஃபிரேமில் உள்ள குறிப்பைப் பார்த்து ஃபீல்டு ஃபீல்டாக அளவு மாற்றும். ஆனால் இயல்பு மதிப்பு 0, அதாவது கவலையே படாது. இதை -1 ஆக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேப்பர்சின்த் என்ற இன்னொரு வீடியோ மென்பொருளில் ஒவ்வொரு ஃபிரேமும் தன் ஃபீல்டு வரிசையைக் கூடவே சுமந்து வருகிறது, அளவு மாற்றும் பகுதியும் அதை மதிக்கிறது. அந்த ஒழுங்கு எஃப்எஃப்எம்பெக்கின் எல்லா ஃபில்டருக்கும் வர வேண்டும். குறிப்பு இல்லாத கோப்பு வந்தால் யாடிஃப் சத்தமில்லாமல் மேல் ஃபீல்டு என்று முடிவு செய்யாமல் ஒரு எச்சரிக்கை வரி காட்டினாலே பாதிப் பேருடைய குழப்பம் தீரும். இதைக் கேட்டு எழுதும்போது அந்தத் தவில் துண்டு மாதிரி சில நொடி மாதிரியை இணைத்து அனுப்புங்கள், உருவாக்குபவர்கள் அதை வைத்துத்தான் சோதிக்க முடியும்.

கேசட்டிலிருந்து நேரடியாக வந்த முதல் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 13 ஜிபிதான் வரும்.