பழைய புல்டோசரின் தேய்ந்த செயின்: கேள்வி பதில்

புல்டோசருக்கு வாழ்நாள் முழுவதும் ஆகும் பராமரிப்புச் செலவில் கிட்டத்தட்ட பாதியை அண்டர்கேரேஜே, அதாவது செயினும் அதைச் சுற்றவிடும் சக்கரங்களும் சேர்ந்த அடிப்பகுதியே, விழுங்கும். அதனால் பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: சாமான் வாங்குவதற்கு முன் அளந்து பார்த்தீர்களா?

கேள்வி: சார், பழைய டி6 புல்டோசர் ஒன்று வாங்கியிருக்கிறேன். செயினை இழுக்கும் பல்சக்கரம், ஸ்ப்ராக்கெட், அதன் பல்லெல்லாம் கூராகிவிட்டது. ஸ்ப்ராக்கெட்டை மட்டும் மாற்றினால் போதுமா?

செயினை அளக்காமல் மாற்றாதீர்கள். செயினின் லிங்குகளை (கண்ணிகளை) இணைக்கும் பின்னும், அதைச் சுற்றியுள்ள குழாயான புஷ்ஷும் ஒன்றோடொன்று உரசி ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் தேய்கிறது. அந்தத் தேய்மானம் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை உள்ள தூரத்தை, அதாவது பிட்சை, கூட்டிவிடுகிறது. சைக்கிள் செயின் 'நீண்டுபோவது' போலத்தான் இதுவும். புது ஸ்ப்ராக்கெட் புது பிட்சுக்கு வெட்டப்பட்டது. நீண்ட செயினை அதில் மாட்டினால் புஷ் பள்ளத்தில் போய் உட்காராது, பல்லின் மேலேயே உரசிக்கொண்டு ஏறும். கொஞ்ச நாளில் புதுப் பல்லும் தேய்ந்து, மிச்சமிருந்த புஷ்ஷும் போய்விடும். பழைய ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயின் போட்டாலும் இதே கதைதான். இரண்டும் ஜோடி.

கேள்வி: எப்படி அளப்பது? என்னிடம் டேப் மட்டும்தான் இருக்கிறது.

பிட்ச் பார்க்க டேப் போதும். ஆனால் செயின் இறுகியிருக்க வேண்டும். ஸ்ப்ராக்கெட் பல்லுக்கும் செயினுக்கும் நடுவே பழைய பின் ஒன்றைக் கொடுத்து, மேல்பக்கச் செயின் விறைக்கும் வரை வண்டியை மெல்லப் பின்னால் எடுங்கள். வண்டி நகரும்போது யாரும் அருகில் நிற்கக் கூடாது. பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு, ஒரு பின்னின் ஓரத்திலிருந்து ஐந்தாவது பின்னின் அதே பக்க ஓரம் வரை அளங்கள். அது நாலு லிங்கின் நீளம். மாஸ்டர் பின் (செயினைப் பிரித்து மாட்டும் பின்) இந்த நாலுக்குள் வரக் கூடாது, அது கணக்கைக் கெடுக்கும்.

புதிதில் பிட்ச் 203 மி.மீ. என்றால் நாலு லிங்குக்கு 812 வர வேண்டும். 824 வந்தால் லிங்குக்கு 3 மி.மீ. கூடியிருக்கிறது. எந்த அளவு வரை ஓட்டலாம் என்பதை உங்கள் மாடலுக்கான தேய்மான அட்டவணை சொல்லும். இரண்டு பக்கமும் தனித்தனியாக அளங்கள், ஒரே பக்கமாகத் திரும்பி வேலை செய்த வண்டியில் இரண்டும் ஒன்றாக இருக்காது.

அப்புறம் ஒரு காலிப்பர் கடன் வாங்கியாவது புஷ்ஷின் வெளிவிட்டத்தைப் பாருங்கள். புஷ் வட்டமாகத் தேயாது, ஸ்ப்ராக்கெட் தள்ளும் பக்கம்தான் தட்டையாகும். மூன்று நாலு கோணத்தில் அளந்து, குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். ஷூவின் (தரையில் பதியும் தகட்டின்) தளத்திலிருந்து லிங்கின் மேல்முகம் வரை உள்ள உயரமும் வேண்டும். அது மிகவும் குறைந்துவிட்டால் வண்டியின் எடையைத் தாங்கிச் செயின் மேல் உருளும் ரோலரின் விளிம்பு, லிங்கில் பின் மாட்டியிருக்கும் புடைப்பில் இடிக்கத் தொடங்கும். அதன்பின் அந்தச் செயினில் பணம் போடுவது வீண்.

கேள்வி: பின், புஷ் திருப்பிப் போட்டால் செயின் புதுசு மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. பின்னும் புஷ்ஷும் ஒரு பக்கம்தான் தேயும். 180 டிகிரி திருப்பினால் தேயாத முகம் வேலைக்கு வரும், பிட்சும் ஏறக்குறைய பழைய அளவுக்குத் திரும்பும். லிங்கும் ரோலரும் தேய்ந்தது தேய்ந்ததுதான், அதைத் திருப்ப முடியாது.

நேரம் முக்கியம். புஷ் சுவர் மெலிந்த பிறகு திருப்பினால் பிரஸ்ஸிலேயே விரிசல் விடும், இல்லையென்றால் வேலைக்குப் போன முதல் வாரத்தில் உடையும். உள்ளே எண்ணெய் உள்ள சீல் செயின் என்றால் புது சீலும் எண்ணெயும் போட்டுத் தருகிற பட்டறையில்தான் செய்ய வேண்டும். ஸ்ப்ராக்கெட் மாற்றச் சரியான நேரமும் இதுவே. சம்மட்டியால் பின்னை அடித்துக் கழற்ற முயலாதீர்கள். கடினப்படுத்திய எஃகு தெறித்தால் கண் போய்விடும்.

கேள்வி: செயினை கிரீஸ் அழுத்தத்தால் இறுக்கும் அட்ஜஸ்டர் முழுக்க வெளியே வந்துவிட்டது, இன்னும் செயின் தொங்குகிறது. ஒரு லிங்க் எடுத்துவிடலாமா?

எடுக்கலாம், வேலை நடுவில் நிற்காமல் இருக்க. ஆனால் பிட்ச் கோளாறு அப்படியே இருக்கும். பல் தாவும் சத்தம் முன்பே கேட்டிருந்தால் இது அதிக நாள் தாங்காது. அதற்கு முன் அட்ஜஸ்டர் சீல் கசிகிறதா என்று பாருங்கள். கிரீஸ் அடித்து மறுநாள் மீண்டும் தளர்ந்தால் குற்றம் செயினில் இல்லை.

கேள்வி: அண்ணா, திரும்பும்போதெல்லாம் இடது செயின் கழன்றுவிடுகிறது. இறுக்கி இறுக்கிப் பார்த்துவிட்டேன்.

இறுக்குவதை நிறுத்துங்கள் தம்பி. அளவுக்கு மீறி இறுக்கினால் புஷ், ஐட்லர் (முன்பக்க வழிகாட்டிச் சக்கரம்), ஃபைனல் டிரைவ் (ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றவைக்கும் கியர்) எல்லாவற்றுக்கும் சுமை. முதலில் தொய்வைச் சரியாக அளங்கள். வண்டியை முன்னே ஓட்டி, பிரேக் பிடிக்காமல் தானாக நிற்க விடுங்கள். மேல்பக்கச் செயினைத் தாங்கும் கேரியர் ரோலரிலிருந்து ஐட்லர் வரை ஷூக்களின் மேல் ஒரு நேர்க்கம்பியை வைத்து, நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். நடுத்தர வண்டிகளில் சுமார் 40 முதல் 60 மி.மீ. வரை கேட்பார்கள், சரியான எண் கையேட்டில் இருக்கும். சேற்றில் வேலை என்றால் சேறு ஒட்டியிருக்கும்போதே அளங்கள். பல்லில் சேறு அடைந்தால் செயின் தானே இறுகும்.

தொய்வு சரியாக இருந்தும் கழன்றால், கடப்பாரையால் செயினைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். பாம்பு மாதிரி நெளிந்தால் மூட்டுகள் போய்விட்டன. நெளியவில்லை என்றால் ரோலர் விளிம்பு, ஐட்லரின் வழிகாட்டித் தகடுகள், கடைசியாக டிராக் ஃபிரேம் வளைவு என்று வரிசையாகப் பாருங்கள். பல வண்டிகளில் தேய்ந்த தகடுகள்தான் காரணம்.

கேள்வி: இறுகிய செயினைத் தளர்த்த, அட்ஜஸ்டரில் கிரீஸ் அடிக்கும் நிப்பிளைக் கழற்றிவிடலாமா?

கூடாது! உள்ளே கிரீஸ் பயங்கர அழுத்தத்தில் இருக்கும், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ரிலீஃப் வால்வை ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள், முகத்தை அதற்கு நேரே வைக்காதீர்கள். அட்ஜஸ்டருக்குப் பின்னால் உள்ள, அதிர்ச்சியைத் தாங்கும் ரீகாயில் ஸ்பிரிங் டன் கணக்கான விசையில் அமுங்கியிருக்கிறது. அதை வீட்டுக் கொட்டகையில் பிரிக்கவே வேண்டாம்.

கேள்வி: மேல் ரோலர் சுற்றவில்லை, ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது.

சேறு அடைத்து நின்றிருக்கும். தட்டையானது இனி சரியாகாது, மாற்றுங்கள். தினமும் மாலை மண்வெட்டியால் சுரண்டிவிட்டால் புதுசு நிலைக்கும்.

கேள்வி: ஷூவின் கட்டை (மண்ணைப் பிடிக்கும் முகடு) முழுக்கத் தேய்ந்துவிட்டது. கம்பி வைத்து வெல்டிங் செய்யலாமா?

லிங்கிலும் புஷ்ஷிலும் நல்ல ஆயுள் மிச்சமிருந்தால் மட்டும் செய்யுங்கள். இல்லையென்றால் செயினோடு அந்த உழைப்பும் பழைய இரும்புக்குப் போகும். ஷூவை முன்கூட்டிச் சூடாக்கிச் செய்யுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் செய்கிற அதே ஷூவில் மாட்டுங்கள். வண்டி பாடியில் மாட்டினால் மின்சாரம் ரோலர் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும்.

கேள்வி: எங்களுக்கு வருடத்தில் சில வாரம்தான் வேலை. இதற்கெல்லாம் செலவு செய்வது நியாயமா?

பல நேரம் இல்லை. புஷ்ஷில் ஓட்டை விழாமல், லிங்கில் விரிசல் இல்லாமல் இருந்தால், தேய்ந்த செயினையும் தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டையும் ஜோடியாகவே ஓட்டி முடியுங்கள். இரண்டும் சேர்ந்து தேய்ந்ததால் ஒன்றுக்கொன்று பொருந்தித்தான் இருக்கும். ரிவர்ஸில் வேகமாக ஓட்டுவதை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். பின்னால் போகும்போது மேல்பக்கச் செயின் முழுக்க இழுவையில் இருக்கும், புஷ் தேய்வது அப்போதுதான் அதிகம். இரண்டு பக்கமும் மாறி மாறித் திரும்பினால் ஒரு பக்கம் மட்டும் முந்திக்கொண்டு போகாது. செயினும் ஸ்ப்ராக்கெட்டும் ஒன்றாக முடியும் நாளில் இரண்டு செயின், இரண்டு ஸ்ப்ராக்கெட் என்று நாலு உருப்படியையும் ஒரே தடவையில் மாற்றலாம்.