வெளுத்துப்போன பிரெய்டு லைனைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

மீன்பிடிக்கும் தூண்டிலில் இரண்டு வருடம் ஓடிய பிரெய்டு லைன் நிறம் மங்கிவிட்டது, கழற்றிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பிரெய்டு பாலிஎத்திலீன் இழைகளால் பின்னியது. அந்த இழையில் சாயம் சரியாகப் பிடிக்காது, அதனால் வெளுப்பது சகஜம். நைலான் நரம்பு மாதிரி இது தண்ணீரில் ஊறி பலம் குறைவதும் கிடையாது.

கண்ணைவிட விரலை நம்புங்கள். முனையிலிருந்து இருபது முப்பது மீட்டர் உருவி, இரண்டு விரலுக்கு நடுவே மெதுவாக ஓடவிடுங்கள். எங்காவது சொரசொரவென்று தட்டினாலோ, பஞ்சு மாதிரி மயிர் பிரிந்து நின்றாலோ அந்த இடத்தோடு வெட்டிவிடுங்கள். ஒருமுறை லீடர் (பிரெய்டின் முனையில் கட்டும் தனி நரம்புத் துண்டு) முடிச்சுக்கு ஒரு முழம் மேலே பாறை உரசிய தடம் இருந்தது. தெரிந்தும் சோம்பலில் விட்டுவிட்டேன். நல்ல மீன் ஒன்று இரண்டாவது தடவை ஓடியபோது சரியாக அங்கேயேதான் அறுந்தது. வாயில் கொக்கியோடு போன அந்த மீனை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

மேல்பாகம் முழுக்கத் தேய்ந்திருந்தால் லைனைப் புரட்டிப் போடுங்கள். வீசும்போது வெளியே போவது மேலே உள்ள லைன்தான், அடியில் கிடப்பது கிட்டத்தட்டப் புதுசு. இதில் பலரும் தவறுவது ஒன்று உண்டு. லைனைக் காலி ஸ்பூல் (லைன் சுற்றும் உருளை) ஒன்றுக்கு மாற்றி, அதிலிருந்து அப்படியே தூண்டில் கம்பில் இருக்கும் சுற்றுக்கருவியான ரீலுக்குத் திருப்பினால் தேய்ந்த முனை மறுபடி மேலேயே வந்துவிடும். நடுவில் இரண்டு காலி ஸ்பூல் வேண்டும்: ரீலிலிருந்து முதல் ஸ்பூல், அதிலிருந்து இரண்டாவது, பிறகு ரீல்.

ரீலில் ஏற்றுமுன் அடியில் நைலான் நரம்பைச் சில சுற்று சுற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வழுக்கும் பிரெய்டு ஸ்பூலோடு சேராமல் தனியாகச் சுழலும். டிராக்கை, அதாவது மீன் லைனை இழுத்துக்கொண்டு ஓடுவதைத் தடுக்கும் ரீலின் பிரேக்கை, எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. அப்புறம், லைனை ஈரத்துணியில் பிடித்து இறுக்கமாகச் சுற்றுங்கள். தளர்வாக இருந்தால், பெரிய மீன் இழுக்கும்போது மேல்சுற்று அடிச்சுற்றுக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும்.

கடலில் பிடித்த நாளில் டிராக்கை இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரை லேசாகத் தெளித்துக் கழுவி, நிழலில் காயவைத்து, பிறகு டிராக்கைத் தளர்த்துங்கள். இழைகளுக்கு நடுவே காயும் உப்பு அரத்தைப் போல அறுக்கும். முடிச்சை நனைத்தே இறுக்குங்கள். சுமார் 150 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் இழை இது, உரசல் சூட்டை அதிகம் தாங்காது.

வெட்டிய துண்டுகளைக் கரையில் விட்டுவிடாதீர்கள். மக்காது, தண்ணீரில் மிதக்கும், பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும். நான் ஒரு சின்ன டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன்.