மணலில் நிற்கும் மழைக்காடு: கேள்வி பதில்

கரி (K'gari) தீவுக்குப் போய் வந்த படங்களைப் பார்த்துவிட்டு, நம் பினாங்குச் செடிக் குழுவில் பலர் கேட்டிருந்தீர்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கரையோரத்தில் 120 கிலோமீட்டருக்குக் குறையாத நீளத்தில் கிடக்கும், உலகிலேயே பெரிய மணல் தீவு அது. ஃபிரேசர் தீவு என்றிருந்த பெயர் போய், 2023இல் அங்குள்ள பூர்வகுடிகளான புட்சுலா மக்களின் பழைய பெயரே திரும்ப வந்தது.

அக்கா, என் தொட்டியில் மணல் கூடினாலே செடி வாடுகிறது. அங்கே காடு எப்படி? (கவிதா, ஆயர் ஈத்தாம்)

மணலில் சத்து மிகக் குறைவுதான், கவிதா. மணல் துகளின் மேல் மெல்லிய தாதுப் பூச்சு உண்டு. மழையும் கடற்காற்றும் கொஞ்சம் உப்புச்சத்தைக் கொண்டுவரும். அந்தக் கொஞ்சத்தை உறிஞ்சி வேருக்குக் கொடுப்பது பூஞ்சை. செடி உதிர்க்கும் சருகு மக்கி மறுபடியும் செடிக்கே போகிறது. கரையில் புல்லும் கொடியும், அதற்குப் பின்னால் பேங்க்சியா என்ற ஆஸ்திரேலிய மரம், உள்ளே பழைய மேடுகளில் வானுயர்ந்த மழைக்காடு. ஆயிரக்கணக்கான ஆண்டுச் சேமிப்பு அது. உங்கள் தொட்டியிலும் சருகைப் பெருக்கி எடுக்காமல் விட்டுப் பாருங்கள்.

நம் ஊர்ச் செடி ஏதாவது பார்த்தீர்களா? (முருகன், பட்டர்வொர்த்)

பார்த்ததும் கண் கலங்கிவிட்டது, தம்பி! சங்கப் பாட்டில் வரும் அதே அடும்பு, ஊதாப் பூவோடு மணலில் படர்ந்திருந்தது. தாழை இனமும் சவுக்கும்கூட உண்டு. சவுக்கின் வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். அதனால்தான் வெறும் மணலிலும் நிற்கிறது. நம் கடற்கரைகளில் அடும்பைக் களை என்று பிடுங்குகிறார்கள். மணலைக் கட்டிப் பிடிப்பதே அதுதான், தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பெயர் சொல்லும்படி ஒரு மரம்? (செல்வி, ஜார்ஜ்டவுன்)

சாட்டினே. கடல்நீரில் மரத்தைத் துளைக்கும் புழுக்கள் இதை எளிதில் தொடுவதில்லை. அதனால் சூயஸ் கால்வாய் வேலைக்கே கப்பலில் போனது. நூறாண்டுக்கு மேல் வெட்டினார்கள். 1991இல் வெட்டு நின்றது, 1992இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் தீவு இடம்பெற்றது.

விதை கொண்டுவந்தீர்களா, அக்கா? (முருகன்)

இல்லை. அது தேசியப் பூங்கா, ஓர் இலையும் எடுக்கக்கூடாது.

படத்தில் மரப்பட்டையில் யார் கிறுக்கியது? (செல்வி)

மனிதர் இல்லை, அந்துப்பூச்சியின் புழு! அந்த யூக்கலிப்டஸின் பட்டைக்குள் குடைந்துகொண்டே போகும். மேல்பட்டை உரிந்ததும் அது போன வழி தெரியும்.