வெந்நீர்க் குழாய் தொய்கிறது, விரிசல் விடுகிறது: பெக்ஸ் போட்டால் தாங்குமா?

கேள்வி: கறவை இயந்திரத்தைக் கழுவ வெந்நீர் கொண்டுபோகும் கருப்பு எச்.டி.பி.இ. குழாய், கிளிப்புக்குக் கிளிப்பு தொய்ந்து தொங்குகிறது. இணைப்புகளின் அருகே மயிரிழை விரிசல்களும் தெரிகின்றன. கடையில் "பெக்ஸ் போடுங்க, அதுவும் பாலிஎத்திலீன்தான்" என்கிறார்கள். அதே பிளாஸ்டிக் என்றால் அது மட்டும் எப்படித் தாங்கும் அய்யா? பழைய குழாயோடு சூடு வைத்து ஒட்டிக்கொள்ளலாமா?

பதில்: கடைக்காரர் சொன்னது சரிதான். இரண்டும் பாலிஎத்திலீன்தான்: எச்.டி.பி.இ. என்பது அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன், பெக்ஸ் என்பது குறுக்கே பிணைத்த பாலிஎத்திலீன். உள்ளே மூலக்கூறுகள் பிணைந்திருக்கும் விதம்தான் வேறு.

எச்.டி.பி.இ.யில் இருப்பவை தனித்தனி நீளச் சங்கிலிகள். ஒரு சங்கிலிக்கும் அடுத்ததற்கும் வேதிப் பிணைப்பு கிடையாது. நெருக்கமாக அடுக்கி நிற்பதால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். சூடு ஏற ஏற அந்தப் பிடி தளரும். 130 டிகிரி செல்சியஸ் அளவில்தான் உருகும் என்றாலும், அதற்கு வெகு முன்பே பலம் குறைந்துவிடும். குழாயில் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவு 20 டிகிரி நீருக்கானது. 40 டிகிரியிலேயே அதில் முக்கால் பங்குதான் மிஞ்சும். நீங்கள் அனுப்புவதோ கழுவும் வெந்நீர், 70 டிகிரியாவது இருக்கும். தன் எடையும் நீரின் எடையும் சேர்ந்து இழுக்க, சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. அந்த நகர்வுதான் தொய்வு. ஆறினாலும் பழைய வடிவம் திரும்பாது.

பெக்ஸில் இந்தச் சங்கிலிகளை ஆங்காங்கே ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறார்கள். பெராக்சைடு, சிலேன் ஆகிய வேதிப்பொருள்கள், எலக்ட்ரான் கதிர் என்று மூன்று வழிகள் உண்டு. தனித்தனிக் கயிறுகளை முடிச்சிட்டு வலையாக்கினதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சங்கிலியும் வலையில் சேராது. முறையைப் பொறுத்து 60 முதல் 70 சதவீதமாவது சேர்ந்திருக்க வேண்டும் என்று குழாய்த் தரநிலை சொல்கிறது. அந்த அளவே போதும், சங்கிலிகள் வழுக்கி ஓட முடியாது.

கையால் பார்க்க விரும்பினால் இரண்டிலும் ஒரு துண்டு வெட்டி, காற்றோட்டமான இடத்தில் ஹாட் ஏர் கன்னால் சூடேற்றுங்கள். எச்.டி.பி.இ. உருகி, இழுத்தால் நூலாக வரும். பெக்ஸ் ஒளி ஊடுருவும்படி தெளிந்து ரப்பர்போல் ஆகும், ஆனால் வழியாது. சூடாக இருக்கும்போது இழுத்து விட்டாலும் பழைய அளவுக்கே சுருங்கும்.

அதற்காக பெக்ஸ் கெட்டியான குழாய் என்று நினைக்காதீர்கள். பிணைப்புகள் சங்கிலிகளை நெருங்கி அடுக்க விடாததால், சாதாரண நிலையில் அது எச்.டி.பி.இ.யைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வளையும். அதனால் தாங்கிகளை நெருக்கமாகவே வையுங்கள்.

விரிசலுக்கு வருவோம், என் கணிப்பில் அதுதான் பெரிய பிரச்சினை. இணைப்பில் குழாய் எப்போதும் இழுவிசையில் இருக்கிறது. அந்த இடத்தில் சோப்புக் கரைசல் தொடர்ந்து பட்டால், சங்கிலிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து விரிசல் மெல்ல வளரும். பாலிஎத்திலீனின் விரிசல் தாங்கும் திறனை ஆய்வகத்திலேயே சோப்புத்தன்மையுள்ள கரைசலில் ஊறவைத்துத்தான் சோதிக்கிறார்கள். வலையாகப் பிணைந்த பெக்ஸில் சங்கிலிகளைப் பிரித்தெடுப்பது கடினம். உங்கள் கொட்டகைக்கு அதைச் சிபாரிசு செய்ய எனக்கு இதுவே முதல் காரணம், சூடு அப்புறம்தான்.

சூடு வைத்து ஒட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். உருகி ஓடாத பொருள் இன்னொன்றோடு கலந்து ஒட்டாது. பெக்ஸுக்கான பித்தளை இணைப்புகளும் வளையங்களும் போடுங்கள். ஹீட்டரிலிருந்து முதல் அரை மீட்டர் உலோகக் குழாயாக இருக்கட்டும். 50 டிகிரி சூடேறினால் 10 மீட்டர் குழாய் 7 செ.மீ.க்கு மேல் நீளும். நேராக இறுக்கிக் கட்டாமல் ஒரு வளைவு விட்டுக் கட்டுங்கள்.

பிணைப்பு எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. வெயில் பெக்ஸையும் கெடுக்கும், திறந்த இடத்தில் உறை போட்டே ஆக வேண்டும். குளோரின் கரைசலைச் சூடாக அனுப்பினால் அதுவும் வயதாகும்; கிருமிநீக்கியைக் குளிர்ந்த நீரில் விட்டு, உடனே அலசிவிடுங்கள். எலியும் கடிக்கும்.

வயலுக்குப் போகும் பாசன லைனை மாற்ற வேண்டாம். அங்கே எச்.டி.பி.இ.தான் சரி, வெல்டிங் இணைப்பு அதன் பெரிய பலம். கழற்றும் பழைய குழாயை இனி அழுத்தம் உள்ள லைனில் சேர்க்காதீர்கள். விரிசல் விட்ட முனைகளை வெட்டிவிட்டு, தண்ணீர்த் தொட்டி வழிந்தால் வெளியேற்ற மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.