ராத்திரி ஒளிந்து சாப்பிடுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பகலெல்லாம் டயட். ராத்திரி எல்லோரும் தூங்கியதும் அடுப்படியில் நின்றபடியே கையில் கிடைத்ததையெல்லாம் தின்று தீர்க்கிறேன். எனக்கு மனவுறுதியே இல்லையா?

பதில்: பகல் பட்டினிதான் ராத்திரி இப்படி வெடிக்கிறது. 1944-45ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 ஆரோக்கியமான ஆண்களை மாதக்கணக்கில் அரைவயிற்றில் வைத்து ஆராய்ந்தார். அவர்களுக்கு எந்நேரமும் சாப்பாட்டு நினைப்புதான். தடை நீங்கிய பிறகும் சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டும் அடங்கவில்லை. அவர்களையெல்லாம் மனவுறுதி இல்லாதவர்கள் என்பீர்களா?

மூன்று வேளை சாப்பாடு, நடுவில் சிற்றுண்டி. நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். கஷ்டம் மறுநாள் காலையில்தான். 'நேற்று அவ்வளவு சாப்பிட்டோமே' என்று அந்த வேளையை விடத் தோன்றும். விடாதீர்கள். தட்டில் போட்டு, உட்கார்ந்து சாப்பிடுங்கள். அடுத்த ராத்திரியை அந்தத் தட்டுதான் காப்பாற்றும்.

கேள்வி: இது உண்மையிலேயே நோயா?

பதில்: ஆமாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013ல் இதை 'பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர்' (அடக்க முடியாமல் அளவுமீறிச் சாப்பிடும் நோய்) என்று தனி நோயாகச் சேர்த்தது. வாரத்துக்கு ஒருமுறையாவது, மூன்று மாதம் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சை நன்றாகவே பலன் தருகிறது.

கேள்வி: சாப்பிட்டதும் விரலை விட்டு வாந்தி எடுக்கிறேன்.

பதில்: தள்ளிப்போடாமல் இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள் அம்மா. வாந்தியால் உடம்பில் பொட்டாசியம் என்ற உப்புச்சத்து குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். மறைக்காமல் சொல்லுங்கள், ரத்தப் பரிசோதனை செய்வார்கள்.

கேள்வி: குடியை விட்டு நான்கு மாதம். இப்போது இனிப்பில் விழுந்துவிட்டேன்.

பதில்: குடியை விட்டவர்கள் பலருக்கு இது வருகிறது. இதற்காக உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள், மீண்டும் குடிக்கத்தான் அது தள்ளும். இனிப்பைத் தேடும்போது பசியா, கோபமா, தனிமையா என்று பாருங்கள். பசி என்றால் முதலில் சாப்பாடு. மற்ற இரண்டுக்கும் யாரிடமாவது பேசுங்கள்.

தினமும் மது குடிப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: மருத்துவர் துணையில்லாமல் திடீரென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம்.

கேள்வி: மனைவியின் அலமாரியில் துணிக்கு அடியில் காலி பிஸ்கட் உறைகள் கிடைத்தன. கேட்கலாமா?

பதில்: உறைகளை நீட்டிக் கேட்காதீர்கள். அவமானம் கூடும், ஒளிக்கும் இடம்தான் மாறும். உடம்பைப் பற்றியும் பேச வேண்டாம். 'கொஞ்ச நாளாக நீ கஷ்டப்படுகிறாய் போல இருக்கிறது, நான் இருக்கிறேன்' என்று சொன்னால் போதும். தினமும் ஒரு வேளையாவது கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். மருத்துவரிடம் போக அவர் தயாரானால் துணைக்குப் போங்கள். மருத்துவரின் அறைக்குள் நீங்களும் வரலாமா என்பதை உங்கள் மனைவியே சொல்லட்டும்.